நான்காம் வேற்றுமை

மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் என் அறை.
வேம்புலி வந்து உட்கார்ந்தான்,
வலக் கண்ணில் வெள்ளைப் பஞ்சு.
மனு வேணாம் வக்கீலம்மா, பணம் வேணாம்.
அவன் கண்ணு வேணும்.

முதுநகர் ஐஸ் பிளான்ட்டில் சண்டை,
எந்தப் பெட்டி முதலில் லாரி ஏறுவது என்று.
பாவாடைராயன் வீசியது ஐஸ் பார் இழுக்கும் கொக்கி.
தரையைப் பார்த்துத்தான் வீசினேன் என்கிறான்.
தரைக்கு வலிக்காது.

காலாப்பட்டுச் சட்டக் கல்லூரியில்
கடல்காற்று தாளைப் புரட்டிய ஒரு மதியம்
யூத ரபிமாரைப் படித்தேன், தேர்வுக்கு வராத பாடம்.
கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று
வெட்டினாற்போல் நிற்கிறது அவர்கள் வேதம்.
அதன் முன்னால் உட்கார்ந்து
தலைமுறை தலைமுறையாகக் குடைகிறார்கள்:
பெரிய கண்ணுக்குச் சின்னக் கண் சமமா?
பிடுங்கும்போது உயிரும் சேர்ந்து வந்துவிட்டால்?
குருடன் ஒருவன் கண்ணைக் குத்தினால்
அவனிடம் எதை எடுப்பாய்?
எடுக்க வேண்டியது விலை என்று முடித்தார்கள்.
ஒருவர் மட்டும்
இல்லை, கண்ணென்றால் கண்தான் என்றார்.
அவர் சொன்னதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இதை வேம்புலியிடம் எப்படிச் சொல்வது?
ராயனுக்கு இடக் கண் ஏற்கெனவே இல்லை,
எட்டு வயதில் தீபாவளி வெடி கொண்டுபோனது,
இருப்பதை எடுத்தால் இருட்டு முழுசாகிவிடும் என்றேன்.
தெரியும், என்றான்.
ஒண்ணாத்தான் வெடி வெடிச்சோம்
என்று தொடங்கி
சட்டென்று தண்ணீர் கேட்டான்.

தமிழ்தான் எனக்குக் கைகொடுத்தது.
கண்ணுக்கு மை என்கிறோம்,
மையைக் கொடுத்துக் கண்ணை எடுப்பதில்லை.
கூலிக்கு வேலை. காய்ச்சலுக்குக் கஷாயம்.
பாம்புக்குக் கீரி பகை,
பிள்ளைக்குப் பால் கொடை.
எல்லாவற்றிலும் ஒரே 'கு'.
கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே
அப்படியொரு சின்னச் சொல்லுக்குள் நுழைந்த ரபிமார்
இன்னும் வெளியே வரவில்லை.

அவர்கள் கணக்கில் ஐந்து இனம்.
குறைந்துபோன உடம்பு: அடிமைச் சந்தையில் நிறுத்தினால்
நேற்று என்ன விலை, இன்று என்ன விலை.
கேட்கக் கூசுகிறது.
என் அட்டவணையில் ஒரு கண் பார்வை
முப்பது சதவீதம்; அது மட்டும் கூசவில்லையா?
பிறகு வலி, வைத்தியம், வேலை போன நாட்கள்.
ஜிப்மர் சீட்டு இருக்கிறது, பஸ் டிக்கெட் உட்பட.
ஐந்தாவது, அவமானம்.

அதுக்குமா, என்றான்.
போன வாரம் ஏலத்துக்குப் போனேன்.
கண்ணோரம் நரம்பு துடிச்சுது.
கண்ணடிச்சு விலை கேக்குறேன்னு நெனச்சு
முப்பது கிலோ வஞ்சிரத்தை என் பேர்ல முடிச்சுட்டான்.
தொறமுகமே சிரிச்சுது.
கூட்டத்துல ராயனும் இருந்தான்.
அவன் சிரிக்கல.
அதான் தாங்கல.

தட்டச்சு செய்தேன்: அவமானத்துக்கு, ரூபாய்,
அதற்குமேல் விரல் ஓடவில்லை.
காலியாகவே தாக்கல் செய்தேன்.
இதுக்கு எந்த செக்‌ஷன் மேடம் என்று
குமாஸ்தா பென்சிலால் சுழித்தார்.

பணம் கட்டினாலும் தீராது என்பதும்
ரபிமார் சொன்னதுதான்.
அடித்தவன் போய்க் கேட்க வேண்டும்,
அடிபட்டவனிடமே.

வாய்தா நாள். வராந்தா பெஞ்சில் வேம்புலி.
ராயன் வந்தான்.
எங்கே உட்காருவது என்று நின்று யோசித்து
அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான்.
வேம்புலிக்குப் பார்வை இல்லாத பக்கம் அது.
ராயனுக்கும் இப்போது
வேம்புலி இருப்பது இருட்டில்தான்.
முழுத் தலையையும் திருப்பினால் ஒழிய
இவனுக்கு அவன் இல்லை,
அவனுக்கு இவன் இல்லை.
நடுவே நாலு விரல் இடம்.

வேம்பு,
என்றான் ராயன், எதிர்ச் சுவரிடம்.

டவாலி பெயர் கூப்பிடுகிறான்.
கழுத்து நரம்பு ஒன்று அசைகிறது,
யாருடையது என்று
நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியவில்லை.